அடுத்த மூச்சுத்திணறலை ரத்தம் முன்கூட்டிச் சொல்லுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் 28 ஆண்டுகள் விறகடுப்பு வைத்து இட்லிக் கடை நடத்தியவர். பீடி, சிகரெட் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்றார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் எடுத்து வருகிறார். போன ஐப்பசியில் காய்ச்சலும் பச்சைச் சளியுமாக மூச்சுத் திணறி, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். அப்போது சிஆர்பி (அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) 64, ஈசினோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) 0. மாசியில் மறுபடியும் திணறல். காய்ச்சல் இல்லை, சளி வெள்ளையாக இருந்தது. சிஆர்பி 6 என்று மறுநாள் வந்தது. அதற்குள் ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். சென்ற வாரம் எடுத்த பரிசோதனையில் வெள்ளையணுக்கள் 8,500, ஈசினோஃபில் 4 சதவீதம், சிஆர்பி 9. அந்த 9 தடித்த எழுத்தில் இருப்பதால் பயமாக இருக்கிறது. இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்க்கலாம் என்கிறார் டாக்டர். அம்மா வேண்டாம் என்கிறார். இதற்கிடையே ஒரு பரிசோதனைக் கூடத்தில் ‘நுரையீரல் பயோமார்க்கர் பேக்கேஜ்’ என்று 14 பரிசோதனைகளை மாதந்தோறும் எடுக்கச் சொல்கிறார்கள். அடுத்த திணறல் வருவதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாமாம். எடுக்கலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பேக்கேஜ் வேண்டாம். அடுத்த திணறல் எந்த வாரம் வரும் என்று சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை இன்றைக்கு உலகில் எங்கும் கிடையாது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பழைய தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் ஓர் எண் அம்மாவின் சிகிச்சையையே மாற்றக்கூடியது. அதை நீங்கள் கடிதத்தில் எழுதியும் இருக்கிறீர்கள், பயப்பட்டது மட்டும் வேறோர் எண்ணைப் பார்த்து.

முதலில், முன்கூட்டி அறிவதைப் பற்றி. 12 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. எக்லிப்ஸ் என்று பெயர். நோயின் போக்கைக் காட்டும் அளவுகளான பயோமார்க்கர்களைத் தேடுவதுதான் அதன் நோக்கங்களில் முக்கியமானது. யாருக்குத் திணறல் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் பற்றிய அதன் முடிவு 2010இல் வெளியானது. மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகக் கணித்தது எது தெரியுமா? கடந்த ஓராண்டில் எத்தனை முறை திணறல் வந்தது என்ற கணக்கு. அம்மாவுக்கு ஐப்பசியில் ஒன்று, மாசியில் ஒன்று. அதில் ஒன்று மருத்துவமனையில் படுக்க வைத்தது. ஆக, அவர் மறுபடியும் திணறல் வரக்கூடியவர்களின் வரிசையில் இருக்கிறார் என்பது இப்போதே தெரிந்த செய்தி. அதைச் சொல்ல மாதாமாதம் ஊசி குத்த வேண்டியதில்லை.

ஃபைப்ரினோஜென் என்ற ரத்தப் புரதமும் உங்கள் பேக்கேஜில் இருக்கும் என்று நினைக்கிறேன். 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ சிஓபிடிக்கு ஏற்றுக்கொண்ட பயோமார்க்கர் அது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது உண்மைதான். எதற்கு ஏற்றுக்கொண்டார்கள் என்பதைத்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது, திணறல் வரும் வாய்ப்பு அதிகமுள்ள நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து ஆய்வில் சேர்ப்பதற்காக. ஆயிரம் பேரைப் பிரித்துப் பார்க்க உதவும் எண், ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு இன்று என்ன மருந்து கொடுப்பது என்று சொல்லாது. எந்தப் பரிசோதனைக்கும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த எண் கூடினால் என்ன செய்வோம், குறைந்தால் என்ன செய்வோம்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தக் குழாய் ரத்தம் வீண்.

இப்போது அந்த முக்கியமான எண்ணுக்கு வருகிறேன். வெள்ளையணுக்கள் 8,500, அதில் ஈசினோஃபில் 4 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 340. சதவீதத்தைப் பார்க்காதீர்கள், இந்த எண்ணிக்கையைப் பாருங்கள். சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையிலேயே இது வந்துவிடுகிறது. தனியாகப் பணம் கட்ட வேண்டியதே இல்லை. இன்ஹேலர் வழியாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு யாருக்குப் பலன் தரும் என்பதை இந்த எண்ணிக்கைதான் ஓரளவு காட்டிக் கொடுக்கிறது. 300க்கு மேல் இருந்து, திணறலும் அடிக்கடி வருகிறது என்றால் ஸ்டீராய்டு சேர்ப்பதில் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். 100க்குக் கீழே என்றால் பலன் மிகக் குறைவு. நிமோனியா வரும் ஆபத்துதான் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவெடுக்கிறோம். உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் கோல்டு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. உங்கள் டாக்டர் ஸ்டீராய்டு சேர்க்கலாம் என்றது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் இருக்கும். அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது.

அப்படியானால் ஐப்பசியில் எடுத்த 0 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தத் தாளில் ரத்தம் எடுத்த நேரத்தையும், மருத்துவமனைச் சீட்டில் முதல் ஊசி போட்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசி முந்திக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு உடம்புக்குள் போன சில மணி நேரத்தில் ஈசினோஃபில் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். கடுமையான பாக்டீரியா தொற்றும் தன் பங்குக்கு அதைக் குறைக்கும். ஆகவே அந்த 0 அம்மாவின் இயல்பான எண்ணிக்கை இல்லை. திணறல் அடங்கி, ஸ்டீராய்டு மாத்திரை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து எடுப்பதுதான் உண்மையான கணக்கு. ஒரே ஆளுக்கு இது மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பதால், பழைய கோப்பைத் தேடி, நன்றாக இருந்த நாட்களில் எடுத்த இன்னும் ஒன்றிரண்டு தாள்களையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் ஊரில் ‘ஈஸ்னோபிலியா’ என்ற சொல்லே ஒரு நோயின் பெயராகப் புழங்குகிறது. இருமல் வந்தால் “எனக்கு ஈஸ்னோபிலியா இருக்கிறது டாக்டர்” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி அருகே, ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், காசநோய் போலவே தெரிந்தும் காசநோயாக இல்லாத ஒரு நுரையீரல் நோயை 1940இல் ஃபிரிமோட்-முல்லரும் பார்ட்டனும் விவரித்தார்கள். யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவின் குஞ்சுகளுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது என்று பின்னால் தெரிந்தது. அதில் ஈசினோஃபில் மூவாயிரத்துக்கு மேல் போகும். மூன்று வாரம் மாத்திரை சாப்பிட வேண்டிய தனி நோய் அது. அம்மாவின் 340 அந்தக் கணக்கில் சேராது. ஆனால் நம் நாட்டில் குடல் புழுக்களாலும் ஈசினோஃபில் கூடும் என்பதை எந்த மருத்துவரும் மறக்கக் கூடாது. தோட்டத்தில், மண்ணில் வெறுங்காலோடு நடப்பவராக இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறும் ஒரு வகைப் புழு உடம்பில் இருக்கும்போது ஸ்டீராய்டு மாத்திரைகளை நிறையக் கொடுப்பது ஆபத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அம்மாவுக்கு எப்போதாவது காசநோய் வந்ததா? வந்திருந்தால் ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடங்குவதற்கு முன் டாக்டர் இரண்டு முறை யோசிப்பார்.

அம்மாவின் பயத்தைப் பற்றி. ஸ்டீராய்டு என்றதும் முகம் வீங்கும், எலும்பு கரையும், சர்க்கரை ஏறும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் பெரும்பாலும் மாத்திரையாகவும் ஊசியாகவும் திரும்பத் திரும்ப உள்ளே போகும் ஸ்டீராய்டுக்குப் பொருந்தும். திணறல் வரும்போது நாங்கள் கொடுக்கும் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் மூச்சுக்குழாய்க்கு நேராகப் போவது. தினமும் அந்தச் சிறு அளவை எடுத்துத் திணறலைத் தடுத்தால், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அந்தப் பெரிய அளவை விழுங்க வேண்டியிராது. அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். குரல் கொஞ்சம் கரகரக்கலாம். நிமோனியா வரும் வாய்ப்பு சற்றே கூடுகிறது. அதை மறைக்க மாட்டேன். காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆனால் மருந்தைக் கூட்டுவதற்கு முன், அவர் இன்ஹேலரை எப்படி எடுக்கிறார் என்று ஒருமுறை எதிரே உட்கார்ந்து பாருங்கள். என்னிடம் வருபவர்களை என் முன்னாலேயே எடுக்கச் சொல்வது வழக்கம். அண்மையில் ஒரு பாட்டி, பம்பை வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார். அழுத்திய பிறகுதான் மூச்சை இழுக்கத் தொடங்கினார். மருந்து வாயோரத்தில் வெண்புகையாகக் கிளம்பி அவர் கண்ணாடியில் படிந்தது. நான்கு ஆண்டுகளாக அவர் கண்ணாடிதான் அந்த மருந்தை வாங்கிக்கொண்டிருந்தது. பம்புக்கும் வாய்க்கும் நடுவே மருந்தைத் தாங்கி நிற்கும் ஸ்பேசர் என்ற குழலை மாட்டி, மெல்ல இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொன்னோம். அவருக்குப் புதிதாக எந்த மருந்தும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இனி சிஆர்பி. ஐப்பசியில் 64, மாசியில் 6. இரண்டும் திணறல்தான், ஆனால் ஒரே வகைத் திணறல் இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, சிஓபிடி திணறல்களை நான்காகப் பிரித்துக் காட்டியது: பாக்டீரியாவால் வருவது, வைரஸால் வருவது, ஈசினோஃபில் கூடி வருவது, அழற்சி பெரிதாகத் தெரியாமலே வருவது. அம்மாவின் ஐப்பசித் திணறல் முதல் வகையைப் போலத் தெரிகிறது. காய்ச்சல், பச்சைச் சளி, சிஆர்பி 64 மூன்றும் ஒரே பக்கம் கையைக் காட்டுகின்றன. மாசியில் வந்தது அப்படி இல்லை. அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். முடிவு மறுநாள்தானே கைக்கு வந்தது.

விரல் நுனி ரத்தத்தில் சில நிமிடங்களில் சிஆர்பி பார்க்கும் கருவி இருந்தால் என்ன ஆகும் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 653 பேரிடம் பார்த்தார்கள். 2019இல் வெளியானது அந்த முடிவு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்கள். சிஆர்பி பார்த்தவர்களில் 57 சதவீதம். மருந்து குறைந்ததால் அவர்களின் உடல்நிலை மோசமானதாகத் தெரியவில்லை. அங்கே கொடுத்திருந்த வழிகாட்டல் எளிமையானது: 20க்குக் கீழே என்றால் ஆன்டிபயாடிக்கால் பலன் இருக்க வாய்ப்பில்லை, 20 முதல் 40 வரை என்றால் சளி சீழ்போல இருந்தால் கொடுக்கலாம், 40க்கு மேல் பலன் இருக்கும். மூச்சுக் கருவி வைக்கும் அளவுக்கு மோசமானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆக வேண்டும்.

இப்போது தடித்த எழுத்தில் இருக்கும் அந்த 9. சிஓபிடி உள்ளவர்களுக்கு நன்றாக இருக்கும் நாளிலும் சிஆர்பி கொஞ்சம் கூடியே இருப்பதுண்டு. ஈறு வீக்கம், மூட்டு வலி, உடல் பருமன் எதனாலும் இந்த அளவுக்கு ஏறும். நலமாக நடமாடும் அம்மாவுக்கு 9 என்பது ஒன்றையும் சொல்லவில்லை. அச்சு இயந்திரம் ஓர் எல்லையைத் தாண்டியதும் எழுத்தைத் தடிக்க வைக்கிறது, அவ்வளவுதான். பேக்கேஜில் உள்ள புரோகால்சிடோனின், பாக்டீரியா தொற்றைச் சொல்ல சிஆர்பியைவிட விலை கூடிய பரிசோதனை. மருத்துவமனையில் சில சமயம் உதவும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதை மட்டும் நம்பி ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது சரியில்லை என்பதே இன்றைய நிலை. வீட்டில் நலமாக இருப்பவருக்கு அதற்கு வேலையே இல்லை.

பச்சைச் சளி என்று எழுதினீர்களே, அதுவும் ஒரு பயோமார்க்கர்தான். தொற்றை எதிர்க்க மூச்சுக்குழாய்க்குள் திரளும் வெள்ளையணுக்களில் ஒரு நொதி இருக்கிறது. அதன் நிறமே பச்சை. அணுக்கள் எவ்வளவு திரண்டிருக்கின்றனவோ அவ்வளவு பச்சை. ஆய்வுக்கூடமும் வேண்டாம், செலவும் இல்லை, ஒரு வெள்ளைக் காகிதம் போதும். என்னிடம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் நான்கு விஷயங்களை எழுதி, சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவருவார். சளியின் நிறம், எத்தனை தலையணை வைத்துத் தூங்கினார், அவசர இன்ஹேலரை எத்தனை முறை அழுத்தினார், வாசல் முதல் பால் பூத் வரை எத்தனை இடத்தில் நின்றார். ஒருமுறை அந்தத் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பியபோது, திணறல் முற்றுவதற்கு நான்கு நாள் முன்பே எல்லாம் மாறத் தொடங்கியிருந்தது தெரிந்தது. நிற்கும் இடம் ஒன்றிலிருந்து மூன்றாகியிருந்தது, தலையணை ஒன்று கூடியிருந்தது. அடுத்த முறை இரண்டாம் நாளே போன் செய்தார். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வரவில்லை. நீங்கள் தேடும் முன்னறிவிப்பு இந்த வகையில்தான் கிடைக்கும். அம்மாவுக்கு எழுதுவது சிரமமென்றால் தினமும் போனில் நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

மூச்சுத் திணறினால் எல்லாம் சிஓபிடி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் இதே போலத் திணறும். அப்போது, இதயம் சிரமப்படும்போது ரத்தத்தில் கூடும் பிஎன்பி என்ற பொருளைப் பார்க்கும் பரிசோதனை பெரிய உதவி. நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்தாலும் திணறும். பிரான்சில் மூச்சுத்திணறல் கூடி மருத்துவமனையில் சேர்ந்த சிஓபிடி நோயாளிகளைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேருக்கு அப்படி ரத்தக்கட்டி இருந்ததை 2021இல் வெளியிட்டார்கள். ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சு விடும்போது நெஞ்சில் குத்துவது, சளியில் ரத்தம் — இவை இருந்தால், ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் கூடும் டி-டைமர் என்ற பொருளுக்கான பரிசோதனை, ஸ்கேன் என்று டாக்டர் போவார். ஆனால் டி-டைமர் வயதானாலே கூடும், சளிக் காய்ச்சலிலும் கூடும். சந்தேகம் இல்லாதபோது மாதாமாதம் எடுத்தால், இல்லாத கட்டியைத் தேடி ஸ்கேனுக்கு அலைய வேண்டியதுதான்.

வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வைத்திருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாட்களில் அம்மாவின் அளவு எவ்வளவு என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மூன்றுக்கு மேல் இறங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே 92க்குக் கீழே போனாலோ டாக்டரிடம் பேச வேண்டும். இறங்கிவிட்டதே என்று சிலிண்டரை முழுதாகத் திறந்துவிடாதீர்கள். சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது 88 முதல் 92 வரை வைத்தால் போதும். ஆம்புலன்ஸிலேயே அந்த அளவுக்குள் வைத்தவர்களில் இறப்பு குறைந்தது என்பதை 2010இல் டாஸ்மேனியாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் அதிகமானால் கரியமில வாயு உடம்பில் தேங்கும். காலையில் தலைவலி, பகலில் அரைத்தூக்கம், பேச்சுக் குழறல் தெரிந்தால் அந்த நொடியே மருத்துவமனை. அங்கே மணிக்கட்டில் ரத்தக்குழாயிலிருந்து எடுத்துப் பார்க்கும் பரிசோதனைதான் அன்றைய மிக முக்கியமான எண்ணைத் தரும். வலிக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்துக்கான பரிசோதனையை மட்டும் வாழ்நாளில் ஒருமுறை எடுக்கலாம். அந்தப் புரதம் குறைவாக இருப்பது, 1963இல் ஸ்வீடனில் கண்டுபிடித்த பரம்பரைக் குறைபாடு. ஐரோப்பியரிடம் அதிகம், நம்மிடம் அரிது. இருந்தாலும் சிஓபிடி உள்ள ஒவ்வொருவருக்கும் ஒருமுறை பார்க்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காய்ச்சல் நேரத்தில் இந்தப் புரதம் தானாகக் கூடிப் பொய்யாகச் சரி என்று காட்டும். நலமாக இருக்கும்போது எடுங்கள். ஈசினோஃபில் 300க்கு மேல் இருந்தும் மூச்சுக்குழாயை விரிக்கும் இரண்டு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த இன்ஹேலருக்குத் திணறல் அடங்கவில்லை என்றால், டுபிலுமாப் என்ற ஊசி 2024இல் அமெரிக்காவில் சிஓபிடிக்கு அனுமதி பெற்றிருக்கிறது. விலை மிக அதிகம். அம்மாவுக்கு அந்தப் பேச்சு இப்போது தேவையில்லை.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. கடை மூடியாயிற்றா? மூடியிருந்தாலும் கொல்லையில் வெந்நீருக்கு விறகடுப்பு மூட்டுகிறாரா? சிலிண்டர் வந்த வீடுகளிலும் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் அடுப்பு எரிவதை நான் தினமும் கேள்விப்படுகிறேன். எரிந்தால் அதை நிறுத்துவது எந்த இன்ஹேலருக்கும் முந்திய வேலை. பேக்கேஜுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் வெந்நீருக்கு ஒரு ஹீட்டர் வாங்குங்கள். மிச்சத்தில் ஐப்பசி மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசியும், நிமோகாக்கல் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். கோப்பின் மேல் தாளில் பெரிய எழுத்தில் இதை எழுதி வையுங்கள்: “ஈசினோஃபில் 340, நலமாக இருந்தபோது எடுத்தது. திணறலோடு வந்தால், ஸ்டீராய்டு ஊசி போடுவதற்கு முன் ரத்தம் எடுக்கவும்.” நள்ளிரவில் அம்மாவைப் பார்க்கப் போகும் இளம் மருத்துவருக்கு அந்த இரண்டு வரி பெரிய துணை.